மூலமும் போலியும்: பழைய மின்விளையாட்டுகளை மீள ஆடுதல் குறித்து ஒரு நோக்கு

ஒரு நூலின் மூலபாடம் யாது என்னும் வினா தமிழ் பயிலும் மாணவர்க்குப் புதியதன்று. ஓர் ஏட்டிலே காணப்படும் சொல் இன்னோர் ஏட்டில் வேறாக அமையும்போது எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது, தள்ளியதை அடிக்குறிப்பிலேனும் காட்டுவதா என்னும் சிக்கல்களைப் பாடபேத ஆராய்ச்சி என்ற பெயரில் நாம் கற்கின்றோம். இலக்கியத்தோடு சற்றும் தொடர்பற்றதெனக் கருதப்படும் வேறொரு துறையிலும் இன்று அதே வினா எழுந்துள்ளது. 1980களிலும் 1990களிலும் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடப்பட்ட மின்விளையாட்டுகளை, அவை எந்தப் பொறிக்கென எழுதப்பட்டனவோ அந்தப் பொறியிலேயே ஆடுதல் வேண்டுமா, அன்றி அப்பொறியைப் போல நடந்துகொள்ளும் 'எமியுலேட்டர்' என்னும் மென்பொருளைக் கொண்டு கணினியிலோ கைப்பேசியிலோ ஆடினாற் போதுமா என்பதே அவ்வினா.

விளையாட்டைப் பற்றி விமர்சனம் எழுதுவதா எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நாட்டார் பாடலைப் பற்றியும் ஒரு காலத்தில் அவ்வாறே கேட்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் பாடிய பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்து அச்சேற்றியிராவிடின், அவை இன்று நமது பாடத்திட்டத்தில் இடம்பெற்றிருக்கமாட்டா. மக்கள் எதனோடு தம் ஓய்வைக் கழித்தனரோ அதுவும் அவர்தம் வரலாற்றின் ஒரு பகுதியே. அந்நோக்கிலேயே இவ்வாராய்ச்சி மேற்கொள்ளப்படுகின்றது.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1983 ஜூலையில் 'பெமிலி கொம்பியூட்டர்' என்னும் பொறியை வெளியிட்டது. அதுவே 1985இல் உருவம் மாறி அமெரிக்கச் சந்தைக்குச் சென்றது. அதன் மையச்செயலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 17.9 இலட்சம் துடிப்புகள் உடையது. தற்காலிக நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. திரையின் அளவு 256க்கு 240 புள்ளிகள். 1985இல் வெளிவந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அவ்விளையாட்டின் மேகமும் புதரும் ஒரே வடிவம். நிறம் மாத்திரமே வேறு. இத்தகைய வறுமைக்குள் நின்றே அக்கால ஆக்குநர்கள் தம் கற்பனையை வளர்த்தனர். யாப்பின் கட்டுப்பாட்டுக்குள் நின்று கவிஞன் பாடுவதை இதனோடு ஒப்பிடலாம். கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் எஞ்சுவது அக்கவிதைதானா என்பது கேட்கப்பட வேண்டியதே.

எமியுலேட்டர் அப்பொறியின் உறுப்புகளைத் தன்னகத்தே கொண்டிருப்பதில்லை. அவ்வுறுப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு துடிப்பிலும் என்ன செய்திருக்குமோ அதனைக் கணக்கிட்டுச் செய்து காட்டுகின்றது. இதனாலேயே 'மூலப் பொறியே மெய், மற்றையது போலி' என்று சேகரிப்பாளர் சிலர் வாதிடுகின்றனர். ஆனால் 'போலி' என்னும் சொல்லைத் தமிழ் இலக்கணம் அவ்வாறு இழிவாகக் கையாளவில்லை. நிலம் என்பது நிலன் என்றாகும். மயல் என்பது மையல் என்றாகும். ஐந்து என்பது அஞ்சு என்றாகும். ஓரெழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்து நின்றும் பொருள் மாறாதிருத்தலே போலி. பொருள் மாறுமாயின் அது போலியன்று; வேறு சொல். எனவே எமியுலேட்டரைப் போலியெனச் சொல்வது வசையாகாது. அது சோதிக்கப்பட வேண்டிய ஒரு கூற்று. எழுத்து மாறியது உண்மை. பொருள் மாறியதா என்பதே ஆராயத்தக்கது.

பொருள் மாறுகின்றது என்போரின் வாதம் வலுவற்றதன்று. மேற்கூறிய பொறி, திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு அசையும் உருவங்களுக்கு மேல் வரையும் ஆற்றலற்றது. ஒன்பதாவது உருவம் மறைந்துவிடும். ஆகவே ஆக்குநர்கள் உருவங்களை மாறிமாறிக் காட்டினர், அவை மினுங்கின. இன்றைய எமியுலேட்டர்கள் பலவற்றில் அக்கட்டுப்பாட்டை நீக்கி மினுக்கத்தைத் தவிர்க்கலாம். நல்லதுதானே எனத் தோன்றும். ஆனால் 1987இல் வெளிவந்த 'காசில்வேனியா' இரண்டாம் பாகத்தில், நாயகன் சேற்றில் இறங்கும்போது அவன் கால்களை மறைப்பதற்கு ஆக்குநர் இதே குறைபாட்டையே கருவியாகக் கொண்டனர். கட்டுப்பாட்டை நீக்கினால் சேற்றுக்குள் இருக்க வேண்டிய கால்கள் சேற்றின் மேல் தெரிகின்றன. வழக்கொழிந்த சொல்லைப் பிழையெனக் கருதித் திருத்திவிடும் பதிப்பாசிரியனின் செயலுக்கு இது நிகரானது.

இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. சூப்பர் நின்டெண்டோ என்னும் பிற்காலப் பொறிக்கென எழுதப்பட்ட 'எயார் ஸ்ட்ரைக் பற்றோல்' விளையாட்டில், விமானத்தின் கீழே தரையில் அதன் நிழல் விழும். அந்நிழல், ஒரு கோட்டைத் திரை வரைந்துகொண்டிருக்கும் கணத்திலேயே அமைப்பை மாற்றி உண்டாக்கப்பட்டது. பழைய எமியுலேட்டர்கள் ஒரு கோட்டை ஒரே மூச்சில் வரைந்தமையால் நிழல் காணாமற் போயிற்று. 'பையூ' என்னும் புனைபெயரில் இயங்கிய எமியுலேட்டர் ஆக்குநர், 2011இல் எழுதிய கட்டுரையொன்றில் இத்தகைய சான்றுகளைக் காட்டி, ஏறத்தாழ 3.6 மெகாஹேர்ட்ஸ் வேகத்திலே இயங்கிய பழைய பொறியை முற்றும் துல்லியமாகப் போலச்செய்வதற்கு 3 கிகாஹேர்ட்ஸ் அளவான கணினி வேண்டும் என விளக்கினார். ஒரு நிழலுக்காக இத்துணை உழைப்பா என வினவலாம். ஓர் ஐகாரமா எகரமா என்பதற்காக ஏடு தேடி ஊரூராக அலைந்தவர்களின் வழிவந்த நாம் அவ்வாறு வினவுதல் பொருந்தாது.

படக்குழாய்த் தொலைக்காட்சியும் இவ்வாதத்தில் இடம்பெறல் வேண்டும். 1984இல் வந்த 'டக் ஹன்ட்' விளையாட்டில், துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருமையாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். துப்பாக்கியின் முனையிலுள்ள கண் அவ்வொளியைக் கண்டால் வாத்து வீழும். திரை ஒளிரும் கணத்தையும் விதத்தையும் நம்பி எழுந்த இவ்வேற்பாடு இன்றைய தட்டைத் திரைகளில் இயங்குவதில்லை. இங்கே தொலைக்காட்சிப் பெட்டியும் விளையாட்டின் ஓர் உறுப்பே. அதனை அகற்றிய பின் சுட்டியாலோ விரலாலோ வாத்தைச் சுடுவது வேறொரு விளையாட்டு.

இவை யாவும் உண்மையே. ஆயினும் மூலப் பொறியை மட்டுமே நம்புவோர் ஒன்றை எண்ணுவதில்லை: பொறி அழியும். நின்டெண்டோ தன் பெமிலி கொம்பியூட்டரின் உற்பத்தியை 2003இல் நிறுத்தியது. 2007இல் பழுதுபார்க்கும் சேவையையும் நிறுத்தியது. மின்தேக்கிகள் கசிகின்றன, ஆட்டநிலையைக் காக்கும் மின்கலங்கள் செத்துவிடுகின்றன, படக்குழாய்களைச் செய்வோர் அருகிவிட்டனர். அமெரிக்காவின் மின்விளையாட்டு வரலாற்று மன்றம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை. பழைய பொறியைத் தேடி வாங்கும் செல்வம் படைத்தவனுக்கும், சட்டத்தின் ஓரத்தில் நின்று பிரதி தேடுபவனுக்கும் மட்டுமே அவை எட்டும்.

சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை, தொட்ட மாத்திரத்தே உதிரும் ஏடுகளின் நிலையைக் கண்டு தம் பதிப்புரையில் வருந்தி எழுதியதை நாம் அறிவோம். 1887இல் அவர் கலித்தொகையையும், அதே ஆண்டில் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினர். ஓலையில் எழுத்தாணி கீறிய கோட்டின் அழகும், ஏட்டை அவிழ்க்கும்போது எழும் மணமும் அச்சில் இல்லை. அதனால் அச்சுநூல் போலியென எவரும் உரைப்பதில்லை. ஏடு பெயர்த்தெழுதுதலே ஏட்டைக் காக்கும் வழி. பெயர்த்தெழுதாத ஏடு கறையானுக்கே உரியது. விளையாட்டின் உள்ளடக்கத்தைச் சில்லிலிருந்து வாசித்தெடுத்துக் கோப்பாக வைப்பதும் இதனையொத்த செயலே. கலைப்பொருள் ஒன்று இயந்திரத்தால் பிரதி செய்யப்படுங்கால் அதன் 'இவ்விடம், இக்கணம்' என்னும் தனித்தன்மை தேய்கிறதென வால்டர் பெஞ்சமின் 1936இல் எழுதினார். ஆனால் மின்விளையாட்டு பிறக்கும்போதே பிரதியாகப் பிறந்தது. இலட்சக்கணக்கான கெசட்டுகளுள் எது மூலம்? மூலத்தின் ஒளிவட்டம் இங்கு தேய்வதற்கில்லை. அது தொடக்கத்திலேயே இருக்கவில்லை.

இதுவரை கூறியவை எந்நாட்டார்க்கும் பொதுவான வாதங்கள். ஆனால் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட தோட்டமொன்றின் லயத்திலிருந்து இவ்வினாவை நோக்குமிடத்து, அதன் தோற்றமே மாறிவிடுகின்றது.

மலையகத்து லயங்களுக்கு மின்சாரம் வந்த வரலாறே தனியாக எழுதப்பட வேண்டியது. லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் கீழே தேயிலை நிலங்கள் மூழ்கின. களனியின் தலையாறுகள் தந்த ஒளி கொழும்பை அடைந்தபோதும், அவ்வாறுகளின் கரையிலிருந்த லயக் காம்பிராக்களில் குப்பி விளக்கே பல்லாண்டுகள் எரிந்தது. சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும் ரூபவாஹினி 1982இலும் ஒளிபரப்பைத் தொடங்கின. தோட்டத்தில் தொலைக்காட்சி பார்க்க விரும்பியவன் மோட்டார் வாகன பற்றரியை நகருக்குச் சுமந்து சென்று மின்னேற்றி வரவேண்டியிருந்தது. மின்விளையாட்டு இச்சூழலுக்குள் வந்து சேர்ந்தபோது, உலகின் செல்வ நகரங்கள் அதனைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் கடந்திருந்தன.

வந்து சேர்ந்ததும் நின்டெண்டோவின் பொறியன்று. எங்கள் லயத்தில் முதன்முதலாக வந்த 'டீவி கேம்' தீபாவளி முற்பணத்தில் வாங்கியது. பெட்டியின் மேல் இருந்த பெயரை எவரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. நினைவில் வைக்கத்தக்க பெயரும் அன்று. ஜப்பானியப் பொறியின் செயலியையும் ஓவியச் சில்லையும் ஒன்றாக்கி, ஒரு கரிய பசைத்துளியின் அடியில் புதைத்து ஆசியத் தொழிற்சாலைகள் மலிவாக வார்த்த பெட்டி அது. கெசட்டின் மேல் 9999 விளையாட்டுகள் என அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை சிலவே. அவையே வேறுவேறு கட்டங்களில் தொடங்கி வேறுவேறு எண்களைப் பெற்றிருந்தன. எண்ணிக்கையில் ஏமாற்றப்பட்டது தெரிந்தும் எங்களில் எவரும் வருந்தவில்லை. கணக்கேட்டில் ஒரு தொகையும் கையில் வேறொரு தொகையுமாய் வாங்கிப் பழகிய வீட்டில் அது புதுமையன்று.

சேகரிப்பாளரின் அளவுகோலால் அளந்தால் இப்பெட்டி மூலப் பொறியன்று, எமியுலேட்டருமன்று. அது போலியினும் போலி. ஆனால் எங்களுக்கு அதைத் தவிர வேறு மூலம் இல்லை.

பல்கலைக்கழகம் வந்தபின், விடுதியில் நண்பர் ஒருவரின் கைப்பேசியில் இக்கட்டுரையாளர் 'சூப்பர் மரியோ'வை ஆட நேர்ந்தது. சில நொடிகளிலேயே ஓர் ஐயம் எழுந்தது. ஓட்டம் விரைவாயிருந்தது; தாவும் கணம் தவறியது; இசையின் நாதமும் வேறாக ஒலித்தது. 'இது யாரோ கெடுத்த பிரதி' என்றே மனம் தீர்ப்பளித்தது. பின்னர் தேடிப் படித்தபோதுதான் உண்மை புலனாயிற்று. கைப்பேசியில் ஓடியதே ஜப்பானிய மூலத்துக்கு நெருங்கியது. மூலம் ஒரு வினாடிக்கு 60 படங்களைக் காட்டும். இலங்கையின் தொலைக்காட்சி முறைக்கேற்ப வார்க்கப்பட்ட எங்கள் பெட்டி 50 படங்களையே காட்டியது. அதாவது மரியோ எங்கள் லயத்தில் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடினான். சுருதி ஏறக்குறைய அப்படியே நிற்க, தாளம் மட்டும் தளர்ந்திருந்தது. அத்துடன் இத்தகைய பெட்டிகள் பலவற்றின் ஒலிச் சில்லில் அலையின் அகலத்தைக் குறிக்கும் இரண்டு அமைப்புகள் இடம்மாறியிருந்தன; அதனாலேயே நாதம் வேறுபட்டது. எமது செவி பிழையைப் பாடமாகக் கொண்டு மூலத்தைப் பிழையெனத் தள்ளியது.

இவ்வனுபவம் வெறும் வேடிக்கையன்று. இவ்விவாதத்தின் ஆணிவேரை அது அசைக்கின்றது. மூலத்துக்கு விசுவாசம் என்போர், மூலம் என்பது பொருளின் உள்ளேயே உறைகின்றது எனக் கருதுகின்றனர். ஆனால் விளையாட்டு, நூலைப்போல் வாசிக்கப்படுவதினும் கூத்தைப்போல் நிகழ்த்தப்படுவதே அதிகம். மாசி மாதத்தில் காமன் நட்டு, நாட்கணக்காக ஆடி, தகனத்தில் முடியும் காமன் கூத்தை நகரத்து மண்டபத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி ஆடும்போது பாடல்கள் மாறுவதில்லை, அடவுகள்கூட மாறாமலிருக்கலாம். ஆயினும் தப்பொலி கேட்டு லயங்களிலிருந்து இறங்கி வரும் சனமும், நேர்த்திக்காக வேடம் கட்டியவனின் விரதமும் அங்கு இல்லை. கூத்தின் மூலம் ஏட்டில் மட்டும் இருப்பதன்று என நாம் ஒப்புக்கொள்வோமாயின், விளையாட்டின் மூலமும் சில்லில் மட்டும் இருப்பதன்று என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

எங்கள் காம்பிராவில் அது நிகழ்ந்த விதத்தை இங்குச் சுருங்கக் கூறலாம். இரண்டு ரிமோட்டுகளுள் ஒன்று பழுது. ஆகவே ஓர் உயிர் போனால் அடுத்தவன் கைக்கு மாற வேண்டும் என்பது சட்டம். மாலையில் கொழுந்து நிறுத்து வீடு திரும்பும் தாய்மார் நாடகத்துக்கு அமர்வதற்கு முன் ஆட்டம் முடிய வேண்டும். பெண்பிள்ளைகளின் முறை, தண்ணீர் எடுத்து முடித்த பின்னரே. அதற்குள் பெரும்பாலும் நேரம் கடந்துவிடும். இஸ்தோப்பில் நின்று பார்ப்போர் ஆடுவோரிலும் அதிகம். வழி சொல்வதும், தோற்றவனை நையாண்டி செய்வதும் அவர்கள் உரிமை. பெட்டி சூடேறினால் ஆட்டம் நிற்கும். ஆட்டநிலையைச் சேமிக்கும் வசதி இல்லாமையால், மின்சாரம் நின்ற கணத்தில் அனைவரும் முதற்கட்டத்துக்கே திரும்பினோம்.

எமியுலேட்டரில் எந்தக் கணத்திலும் நிலையைச் சேமிக்கலாம். தோற்றால் பின்னோக்கிச் சுழற்றலாம். தனியொருவன் படுக்கையில் சாய்ந்தவாறே இறுதிக் கட்டம்வரை செல்லலாம். நாங்கள் ஒருபோதும் காணாத அவ்விறுதிக் கட்டத்தை விடுதியில் ஒரே இரவில் கண்டபோது மகிழ்ச்சி தோன்றியது உண்மை; ஒரு வெறுமையும் தோன்றியது. ஆனால் அவ்வெறுமையைக் கொண்டு பழைமையைப் போற்றுதல் தவறாகும். முறை கிடைக்காமல் நின்ற பெண்பிள்ளைகளுள் ஒருத்திக்கு இன்று தன் கைப்பேசியில் அதே விளையாட்டு கிடைக்கின்றது. அவளிடம் சென்று 'மூல அனுபவம் இதுவன்று' எனக் கூறுவதற்கு நமக்கு என்ன உரிமை உண்டு? மூல அனுபவத்தில் அவள் வாசற்படியில் நின்றவள். எமியுலேட்டர் அவளுக்குப் போலியன்று, அதுவே முதல். லயத்து வாழ்வின் நெருக்கத்தைக் கூட்டுணர்வு எனப் புனைந்து பாடும் போக்கு நம் எழுத்தில் முன்னரே மலிந்துள்ளது. அதனை இங்கும் கொண்டுவருதல் வேண்டா.

இனி, இவ்வாராய்ச்சியின்போது கண்ட ஒரு செய்தி கட்டுரையாளரை நீண்ட நேரம் சிந்திக்க வைத்தது. துல்லியமான எமியுலேட்டர்கள் சிலவற்றில், எந்நாட்டு முறையில் இயங்க வேண்டுமெனத் தெரியும் இடமொன்று உண்டு. ஜப்பானும் அமெரிக்காவும் சார்ந்த முறை, ஐரோப்பிய முறை ஆகியவற்றோடு மூன்றாவதாக 'டென்டி' என ஒன்று காணப்படும். டென்டி என்பது 1992 டிசம்பரில் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த, நின்டெண்டோவின் அனுமதியற்ற ஒரு போலிப் பெட்டி. சோவியத்து வீழ்ச்சிக்குப் பிந்திய தலைமுறைக்கு அதுவே மூலம். அத்தலைமுறையினர் வளர்ந்ததும் தம் பெட்டியின் வேகத்தையும் பிழைகளையும் அளந்து எழுதினர்; வழுவெனத் தள்ளாமல் வழக்கெனப் பதிந்தனர். ஆகவே இன்று உலகின் எந்த எமியுலேட்டர் ஆக்குநனும் அதனைப் புறக்கணிக்க முடியாது. ஒலியமைப்புகளின் இடமாற்றத்தையும் விரும்பினால் தெரியும் வகையில் சில மென்பொருள்கள் தருகின்றன.

அவ்விரண்டையும் தெரிந்து ஆட்டத்தைத் தொடங்கியபோது, மரியோ எங்கள் லயத்து வேகத்தில் ஓடினான். இசையும் எங்கள் காம்பிராவில் ஒலித்தவாறே ஒலித்தது. மூலப் பொறியால் ஒருபோதும் தரமுடியாததை எமியுலேட்டரே மீட்டுத் தந்தது. ஆனால் அதன் பெயர் எங்களுடையதன்று. ரஷ்யர் தமக்கென எழுதிவைத்த குறிப்பின் நிழலில் எங்கள் நினைவும் ஒதுங்கிக் கிடக்கின்றது.

இவ்விடத்திலேதான் உண்மையான இழப்பு எதுவென்பது தெளிவாகின்றது. பொறியா மென்பொருளா என்னும் வழக்கில் இரு தரப்பாரும் காக்க முனைவது ஒரு நிறுவனம் வெளியிட்ட பண்டத்தை. அதனைப் பயன்படுத்திய மக்களுள் யார் குறிப்பு எழுதிவைத்தனரோ அவர்களுடைய அனுபவம் பாடபேதமாகிறது. எழுதாதோரின் அனுபவம் பிழையாகிறது. 2023இல் மலையக மக்களின் வருகைக்கு இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்தோம். அவ்விருநூறாண்டில் எம்மைப் பற்றிய ஏடுகளைப் பெரும்பாலும் எழுதியோர் துரைமாரும் அரசும். அவற்றில் நாம் பேர்ப்பதிவாகவும் நிறைகளாகவும் இடம்பெற்றோம். ஓய்வு நேரம் எந்த ஏட்டிலும் பதியப்படுவதில்லை. ஒரு தலைமுறையின் விளையாட்டு மறக்கப்படுவது சிறிய இழப்பே. ஆயின் பெரிய இழப்புகளும் இதே வழியாகத்தான் நேர்ந்தன.

ஆகவே இக்கட்டுரையின் முடிபு இருவகைப்படும். விளையாட்டின் பாடத்தைக் காப்பதற்கு எமியுலேட்டரே தகுந்த கருவி. ஆனால் அது திருத்தும் பதிப்பாசிரியனாக அன்றி, காட்டும் பதிப்பாசிரியனாக இருத்தல் வேண்டும். மினுக்கத்தை நீக்க விரும்புவோர் நீக்கட்டும். நீக்கப்பட்டது யாதென்பது தெரிந்திருக்கட்டும். மூலப் பொறிகளும் இயன்றவரை பேணப்படல் வேண்டும். எமியுலேட்டரின் துல்லியத்தைச் சோதிப்பதற்கு அவையே உரைகல். இது முதலாவது.

இரண்டாவது, ஆட்டத்தின் சூழலை எப்பொறியும் எம்மென்பொருளும் காக்கமாட்டா. அதனை எழுத்தே காக்கும். தோட்டங்களிலும் நகர்ப்புறக் கடைகளிலும் இன்னும் கிடக்கும் பெயரற்ற பெட்டிகளையும் கெசட்டுகளையும் திரட்டி, அவை எவ்வேகத்தில் இயங்கின, எவ்வாறு ஒலித்தன, யார் ஆடினர், யார் நின்று பார்த்தனர் என்பனவற்றை வாய்மொழியாகக் கேட்டுப் பதிதல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. விடுமுறையில் வீடு செல்லும் மாணவர் பத்துப் பேரும் ஒரு குறிப்பேடும் போதும். நமது சங்கம் இப்பணியை மேற்கொள்ளுமாயின் அது தமிழ்ப்பணி அன்று என எவரும் கூறார்.

எங்கள் பெட்டி இப்போது இல்லை. கொழுந்துச் சாக்குகளோடு பரணில் கிடந்து, ஈரம் ஏறி, இரும்புக்காரனிடம் சென்றது. அது காட்டிய வேகம் மாத்திரம் இவ்விதழில் ஒரு வரியாக இருக்கட்டும்: ஆறில் ஐந்து பங்கு.